பாதி மதிப்பெண் வீட்டிலேயே இருக்கிறது



படிவம் ஐந்தில் எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டைச் சிரம்பானின் ராசா வட்டாரத்தில் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். டிவி சத்தம் குறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் அந்தப் பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் முதலில் வரும். கணக்குக்கு டியூசன், வரலாற்றுக்குக் குறிப்பு, மலாய்க்குத் தனி ஆசிரியர் என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வழி செய்திருப்பார்கள். ஆங்கிலம் எப்படி என்று கேட்டால் மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிடும். "எங்களுக்கே வராதுங்க. நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும் பிள்ளையின் ஆங்கிலத் தேர்வுக்கு உதவ முடியும். அதுவும் மொத்த மதிப்பெண்ணில் பாதியைத் தரும் இரண்டு தாள்களுக்கு உதவ முடியும்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். நாம் எழுதிய காலத்தில் கட்டுரை இருந்தது, கருத்துச்சுருக்கம் இருந்தது, ஒரு நாவலில் இருந்து கேள்வி வந்தது. பயிற்சி நூலில் இருந்த நான்கு கட்டுரைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் நம்மில் பலர். 2021-ஆம் ஆண்டு எஸ்பிஎம் தொடங்கி 1119 என்ற அதே பாட எண்ணில் வேறொரு தேர்வு வந்துவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 25 விழுக்காடு. வாசிப்புத் தாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு 40 கேள்விகள். கேட்டல் தாளில் 40 நிமிடத்துக்கு 30 கேள்விகள்.

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோலை 2017 முதல் நம் பள்ளிகள் படிப்படியாக ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. ஒரு மொழியைப் பற்றி என்ன தெரியும் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. அந்த மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறது. பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரின் ஓ நிலை ஆங்கிலத் தேர்வில்கூடக் கேட்டலுக்கு 10 விழுக்காடுதான். நம் பிள்ளைகளுக்கு 25. கேட்டலையும் வாசிப்பையும் சேர்த்தால் சரிபாதி. இந்தப் பாதிக்கு உங்கள் வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது?

பல வீடுகளில் விடை பூஜ்ஜியம். டியூசன் வகுப்பில் பெரும்பாலும் எழுத்துதான் நடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. கட்டுரையைத் திருத்தினால் சிவப்பு மை தெரியும், கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது என்று பெற்றோருக்கும் நிம்மதி. காது பழகியதற்கு எந்த அடையாளமும் நோட்டுப் புத்தகத்தில் இருக்காது. டியூசன் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களால் செய்ய முடிவது அவ்வளவுதான். கேட்டலும் வாசிப்பும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற வேண்டியவை. அதற்கு வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது.

"ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும்தானே?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாயிலும் வரலாற்றிலும் தேறினால் போதும். ஆனால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும்போது என்ன கேட்கிறார்கள்? எத்தனையோ படிப்புகளுக்கு ஆங்கிலத்தில் கிரெடிட், அதாவது குறைந்தது சி, வேண்டும் என்கிறார்கள். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேசன் வழியாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வு காத்திருக்கிறது. அதிலும் இதே நான்கு திறன்கள்தான், ஒவ்வொன்றுக்கும் சம மதிப்பெண். படிவம் ஐந்தில் பழகிய காது இரண்டு வருடம் கழித்தும் அங்கே கைகொடுக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். 2020-இல் கோவிட் காரணமாக ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு நடக்கவில்லை. 2021-இல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2022-இல் படிவம் மூன்றின் பிடி3 தேர்வும் போனது. அந்தக் காலகட்டத்தில் ஆறாம் ஆண்டை முடித்து வந்த பிள்ளைகள் பலருக்கு எஸ்பிஎம்தான் முதல் பொதுத் தேர்வு. பெரிய மண்டபம், வரிசை நாற்காலி, ஒலிக்கும் மணி, தெரியாத கண்காணிப்பாளர் எல்லாமே அவர்களுக்குப் புதிது. அதன் நடுவில் ஒலிபெருக்கியில் பழக்கமில்லாத குரல் ஒன்று ஆங்கிலம் பேசத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலம் என்றால் நம் வீடுகளில் ஏன் இந்தத் தயக்கம்? நம் பிள்ளைகளின் மூளையில் எந்தக் குறையும் இல்லை. தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளிகள் வந்தன. லயத்துப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். அவை தமிழைக் காப்பாற்றிக் கொடுத்தன, அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் படிப்பு ஆரம்பக் கல்வியோடு நின்றுபோனது. ஆங்கிலப் பள்ளிகள் சிரம்பான் பட்டணத்தில் இருந்தன. லாபுவிலோ செண்டாயானிலோ பால் மரம் வெட்டியவரின் பிள்ளைக்கு அந்தப் பட்டணம் எட்டாத தூரம். தோட்ட எழுத்தரான கிராணியின் வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் பேசும், தொழிலாளி வீட்டுப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கும். ஆங்கிலம் அலுவலகத்தின் மொழி, நம்மைப் பெயர் சொல்லி அதட்டும் மொழி என்ற எண்ணம் அப்படித்தான் தலைமுறைகளாக நம் வீடுகளில் தங்கிவிட்டது.

இன்று அந்தத் தோட்டங்களில் பல தாமான்களாக மாறிவிட்டன. செண்டாயான் பக்கம் போனால் பால் மரம் நின்ற இடத்தில் வீட்டு வரிசைகள். நம் பிள்ளைகள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் நீலாய் கல்லூரிகளுக்கும் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் போகிறார்கள். இடம் மாறிவிட்டது, தயக்கம் மட்டும் மூட்டையோடு கூடவே வந்துவிட்டது. இதைச் சொல்வது பழங்கதை பேசுவதற்காக இல்லை. "நம்ம பரம்பரைக்கே வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள் என்று உரிமையோடு கேட்பதற்காக.

சரி, கேட்டல் தாளுக்குள் போவோம். அதில் நான்கு பகுதிகள். முதலில் சின்னச் சின்ன உரையாடல்கள், அறிவிப்புகள். அடுத்து சற்று நீளமான ஒரு பேச்சு. மூன்றாவதில் ஐந்து பேர் பேசுவார்கள், யார் எதைச் சொன்னார் என்று பொருத்த வேண்டும். நான்காவதில் காதில் விழுந்த சொல்லையோ எண்ணையோ கோடிட்ட இடத்தில் எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒலிக்கவிடுவார்கள்.

பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கேள்வித்தாளில் மூன்று விடைகள் இருக்கும். ஒலிப்பதிவில் மூன்றைப் பற்றியும் பேச்சு வரும். ஒரு பெண் தோழியிடம், சனிக்கிழமை சந்திக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அன்று அண்ணனுக்குப் பந்து விளையாட்டு, ஞாயிறு கோயிலுக்குப் போகிறோம், அதனால் வெள்ளி மாலையே வந்துவிடு என்பாள். சனி என்ற சொல் காதில் விழுந்ததும் அவசரக்காரப் பிள்ளை சனியில் கோடு போட்டுவிடும். சொல்லைப் பிடிக்கத் தெரிந்தது, பேச்சைத் தொடரத் தெரியவில்லை. 'பட்', 'ஆக்சுவலி', 'இன்ஸ்டெட்' போன்ற சொற்கள் வந்தால் திருப்பம் வருகிறது என்று காது நிமிர வேண்டும். இது பட்டியலை மனப்பாடம் செய்து வருவதில்லை, கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

எண்களிலும் இதே தொல்லைதான். தர்ட்டீனா தர்ட்டியா, ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். பின்பாதியில் அழுத்தம் நீண்டால் பதின்மூன்று, முன்பாதியில் விழுந்து சட்டென்று முடிந்தால் முப்பது. நான்காவது பகுதியில் இந்த ஒரு வித்தியாசத்துக்கே ஒரு மதிப்பெண் போய்விடும்.

இங்கேதான் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். செய்ய வேண்டியது மிகச் சாதாரணமானது. பிள்ளை மூன்று நான்கு நிமிட ஆங்கில ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள், புரியாவிட்டால் பரவாயில்லை. முடிந்ததும் தமிழில் கேளுங்கள்: யார் பேசினாங்க? எங்க இருந்து? எதுக்குப் போறாங்க? எத்தனை மணிக்கு? முதல்ல ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் ஏன் மாத்தினாங்க?

கேட்டல் தாளின் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். யார், எங்கே, எப்போது, ஏன், கடைசியில் என்ன முடிவு. பிள்ளை பதில் சொல்லத் திணறினால், "எனக்குப் புரியலடா, இன்னொரு தடவை போடு" என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது எதைத் தேட வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். தேர்விலும் இரண்டாவது முறை அதற்காகத்தான் ஒலிக்கிறது.

இதற்கு வீட்டிலேயே மிகச் சிறந்த ஆள் யார் தெரியுமா? பாட்டி. ஆங்கிலம் ஒரு வார்த்தையும் தெரியாத பாட்டி "என்னய்யா சொல்றான் அவன்?" என்று கேட்டால் அது உண்மையான கேள்வி. ஆசிரியருக்கு விடை தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியாது. பாட்டிக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் அரைகுறையாகக் கேட்டு ஒப்பேற்ற முடியாது.

தமிழில் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடாது. இங்கே சோதிப்பது புரிந்ததா என்பதை. புரிந்ததைத் தெளிவாகச் சொல்ல, பிள்ளைக்கு எந்த மொழி கைவசம் இருக்கிறதோ அதில் சொல்லட்டும். பேச்சுத் தேர்வுக்கு ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது வேறு வேலை, அதை வேறு நேரத்தில் செய்யலாம்.

எதைக் கேட்பது? பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இணையத்தில் இலவசம். பேசியதன் எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறது, கேட்டு முடித்த பிறகு அதை வாசித்துச் சரிபார்க்கலாம். பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' தளத்தில் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைகளில் விற்கும் எஸ்பிஎம் பயிற்சி நூல்கள் பலவற்றில் கியூஆர் குறியீடு உண்டு, கைப்பேசியைக் காட்டினால் ஒலிப்பதிவு வரும். அந்தக் குறியீட்டை ஒருமுறைகூடத் தொடாமல் வருடம் முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். வானொலியில் மின்னல் எஃப்எம் கேட்கும் வீட்டில் தினமும் பத்து நிமிடம் ஆர்டிஎம்மின் டிராக்ஸ் எஃப்எம் போகட்டும். கொமுட்டர் ரயிலில் ஏறினால் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பந்து பைத்தியமான பையனா? இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டத்தை ஆங்கில வர்ணனையோடு பார்க்கட்டும், இடைவேளையில் வர்ணனையாளர் யாரைக் குறை சொன்னார் என்று அப்பா கேட்கட்டும். அப்பாவுக்கும் அது பிடித்த பேச்சுதானே?

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை எப்படியும் யூடியூப் பார்க்கத்தான் போகிறது. அதில் இருபது நிமிடத்தை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

இனி வாசிப்பு. முதல் பகுதியில் வருபவை அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி போன்ற சின்னப் பனுவல்கள். இவை நம் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம், சலவை இயந்திரத்தோடு வந்த கையேடு, இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும் விதிமுறை. "இந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா? படிச்சுச் சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். தாத்தாவுக்கு உதவியும் ஆச்சு, பிள்ளைக்கு முதல் பகுதிக்கான பயிற்சியும் ஆச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை, மருந்து விஷயத்தில் பிள்ளை சொன்னதை மருந்தகத்திலும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது பகுதிதான் பலருக்கும் கஷ்டம். ஒரு பனுவலில் ஆறு இடங்களில் வாக்கியத்தை எடுத்துவிட்டு, எட்டு வாக்கியங்களைக் கொடுத்து எது எங்கே என்று கேட்பார்கள். இரண்டு மிஞ்சும். 'ஹி', 'தே', 'திஸ்' போன்ற சொற்கள் முன்னால் யாரை, எதைக் குறிக்கின்றன என்று பின்னோக்கிப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். செய்தித்தாளில் ஒரு கட்டுரையை வெட்டி, பத்தி பத்தியாகத் துண்டாக்கி, கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். தங்கச்சியும் சேர்ந்துகொண்டால் விளையாட்டாகவே நடக்கும்.

என்ன புத்தகம் வாங்குவது என்று கேட்கிறீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். பிறர் உதவி இல்லாமல் ஒரு பனுவலைப் புரிந்து வாசிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் சொல்வளம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன். 250 சொற்கள் கொண்ட பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பதினைந்து என்று போனால் அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எளிமையானதை எடுக்கட்டும். படிவம் ஐந்து பிள்ளை படிவம் இரண்டின் கதையை வாசித்தால் வெட்கம் என்ன? கனமான புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் அகராதியோடு போராட விடுவதுதான் வாசிப்பின் மீதே வெறுப்பை உண்டாக்குகிறது. சிரம்பானில் மாநிலப் பொது நூலகம் இருக்கிறது. அங்கே போனால் பல தரத்துப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

கொஞ்சம் தேறிய பிள்ளையாக இருந்தால் கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' நாவலைத் தேடிக் கொடுங்கள். 1942-இல் கெடாவின் பீடோங்கில் பிறந்தவர், தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர். 1981-இல் வெளிவந்த அந்த நாவலில் வருவது நம் மக்களின் வாழ்க்கை. தெரிந்த உலகத்தைப் பற்றி வாசிக்கும்போது தெரியாத சொல்லையும் ஊகித்துவிடலாம். லண்டன் பனியைப் பற்றி வாசித்துத் திணறும் பிள்ளை, பாட்டி சொன்ன கதைகளின் சாயலை ஆங்கிலத்தில் பார்க்கும்போது நிமிர்ந்து உட்காரும்.

வாசிக்கவே பிடிக்காத பிள்ளை என்றால்? தமிழ்ப் படத்தை ஆங்கிலத் துணை எழுத்தோடு போட்டுவிடுங்கள். வசனம் காதில் தமிழில் விழும், கண் அதே பொருளை ஆங்கிலத்தில் தேடும், எழுத்து மறைவதற்குள் வாசித்தாக வேண்டும். வேகம் தானாக வரும். அந்த வேகம் தேவை. 90 நிமிடத்தில் 40 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம், பனுவலை வாசிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். மாதம் இரண்டு முறையாவது ஞாயிறு காலையில் கடிகாரத்தை வைத்து ஒரு முழுத் தாளைச் செய்து பார்க்கட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் யாரும் கூப்பிடாமல் இருப்பது நம் பங்கு.

இரவு ஷிப்ட் பார்க்கும் அம்மா, லாரி ஓட்டும் அப்பா, இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். இருபது நிமிடத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். பள்ளிக்கு ஏற்றிப் போகும் காரில் ஐந்து நிமிடம், துணி மடிக்கும்போது ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். நேரில் இல்லாத அப்பா, பிள்ளை கேட்டதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் தமிழில் அனுப்பச் சொல்லி, சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுப் பதில் அனுப்பலாம்.

வீட்டில் முடியாததைக் கூடிச் செய்ய முடியும். இயர்போன் மாட்டிக்கொண்டே பழகும் பிள்ளை தேர்வறையில் திகைத்துப் போகிறது. அங்கே ஒலி வருவது ஒலிபெருக்கியில் இருந்து. மேலே காற்றாடி சுற்றும், யாராவது இருமுவார்கள், நாற்காலி நகரும், வெளியில் மழை பெய்யும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கேட்டுப் பழக ஒரு மண்டபம் வேண்டும். நம் கோயில்களில் மண்டபம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் சனிக்கிழமை காலை வகுப்பறைகள் காலியாகக் கிடக்கின்றன. கோயில் நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் வாரம் ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் போதும். பிள்ளைகள் உட்காரட்டும், ஒலிப்பதிவு இரண்டு முறை ஓடட்டும், விடையைச் சேர்ந்து பார்க்கட்டும். எஸ்பிஎம் முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் அண்ணன் அக்காக்களே இதை நடத்திவிடுவார்கள். கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கிறதா என்று மட்டும் பெரியவர் ஒருவர் போய் நின்று பார்க்க வேண்டும். கேட்காவிட்டால் தேர்வன்று கையை உயர்த்திச் சொல்லும் தைரியத்தையும் அங்கேயே பழக்கிவிடலாம்.


ஆசிரியர்